சம்மத வயதை உயர்த்தினால் இணையச் சுரண்டல் நிற்குமா? தென் கொரியா எடுத்துப் பார்த்த மூன்று வழிகள்

2020 மே மாதம் தென் கொரியாவில் பாலுறவுக்கான சம்மத வயது 13இலிருந்து 16 ஆனது. 13 என்பது 1953ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டம் வகுத்த கோடு. அறுபத்தேழு ஆண்டுகள் கழித்துத்தான் நகர்ந்தது. அதே மே மாதம் டெலிகிராம் செயலியில் பாலியல் சுரண்டல் கும்பல் ஒன்று தொழிலைத் தொடங்கியது. அப்போது அது யாருக்கும் தெரியாது. 2025 ஜனவரியில் அதன் தலைவனைப் போலீஸ் பிடித்தபோது பாதிக்கப்பட்டவர்கள் 234 பேர் எனக் கணக்கு வந்தது. அவர்களில் 159 பேர் பதின்வயதினர்.

ஆக, புதிய வயதுக் கோடு நடைமுறைக்கு வந்த மாதத்தில் தொடங்கி நாலரை ஆண்டுகளுக்கு மேல் ஒரு கும்பல் இயங்கியிருக்கிறது. இதை வைத்து அந்தச் சட்டமே வீண் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது என்பது என் எண்ணம். ஆனால் அந்தச் சட்டத்தால் என்ன முடியும், என்ன முடியாது என்று பிரித்துப் பார்க்க இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. காரணம், கொரியா ஒரே வழியோடு நிற்கவில்லை. வயதை உயர்த்தியது, பேச்சில் வளைப்பதையே குற்றமாக்கியது, நிறுவனங்களின் தலையில் வடிகட்டும் பொறுப்பை வைத்தது. மூன்றும் இரண்டே ஆண்டுகளுக்குள் வந்தன.

தூண்டுதல் 'என்-ஆவது அறை' வழக்கு. 2018 பிற்பகுதியிலிருந்து டெலிகிராமில் எண்ணிட்ட அரட்டை அறைகள் திறக்கப்பட்டன. நல்ல சம்பளத்தில் பகுதிநேர வேலை என்று ஆசைகாட்டிப் பெண்களையும் சிறுமிகளையும் பேச்சுக்கு இழுப்பார்கள். ஒரு படம் கைக்கு வரும். கூடவே வீட்டு முகவரி, பள்ளி, பெற்றோர் விவரம் எல்லாம் வந்துசேரும். பிறகு மிரட்டல்தான்: அடுத்த படத்தை அனுப்பு, இல்லையென்றால் முதல் படம் உன் அப்பாவுக்குப் போகும். அறைக்குள் வர கிரிப்டோ நாணயத்தில் கட்டணம். 2020 மார்ச்சில் 'டாக்டர்' என்ற பெயரில் இயங்கிய சோ ஜூ-பின் கைதானபோது, பாதிக்கப்பட்டவர்கள் 74 பேர், அவர்களில் 16 பேர் சிறார் என்று போலீஸ் அறிவித்தது. அவனது முகத்தை வெளியிடக் கோரிய மனுவில் இருபது லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டார்கள். அந்தக் கொதிப்பில்தான் நாடாளுமன்றம் வயதுக்கோட்டைத் தொட்டது.

இங்கே ஒன்றை நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்த அறைகளில் நடந்தது மிரட்டல், பலவந்தம். பழைய சட்டத்திலும் அது குற்றமே. 'அவளும் விரும்பினாள்' என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. அதாவது 2018இலேயே சம்மத வயது 16ஆக இருந்திருந்தாலும் அந்த அறைகளின் கதவு திறந்துதான் இருந்திருக்கும்.

அப்படியானால் வயதை உயர்த்தியதால் என்ன லாபம்? நீதிமன்றத்துக்குள் போய்ப் பார்த்தால் தெரியும். 2011இல், நாற்பது வயதைக் கடந்த, பொழுதுபோக்குத் துறையைச் சேர்ந்த ஒருவர் மருத்துவமனையில் 15 வயதுச் சிறுமியைச் சந்தித்தார். பழக்கம் வளர்ந்தது, அவள் கர்ப்பமானாள். கீழ் நீதிமன்றம் 12 ஆண்டு, மேல்முறையீட்டில் 9 ஆண்டு. ஆனால் உச்ச நீதிமன்றம் அவள் எழுதிய கடிதங்களையும் செய்திகளையும் பார்த்துவிட்டு, பலவந்தம் நிரூபணமாகவில்லை என்றது. 2017இல் விடுதலை உறுதியானது. பிள்ளை பதின்மூன்றைத் தாண்டிவிட்டால் அவள் எப்படிப் பேசினாள், ஏன் கடிதம் எழுதினாள் என்று அவளையே துருவும் விசாரணை அது. வயதை உயர்த்தியது அந்தத் துருவலை நிறுத்தியது. இன்று 19 வயது நிரம்பிய ஒருவர் 16 வயதுக்குட்பட்ட பிள்ளையோடு உறவு கொண்டால், அவள் என்ன செய்தி அனுப்பினாள் என்ற கேள்வியே எழாது. 2024 ஜூனில் கொரிய அரசியலமைப்பு நீதிமன்றம் இந்தப் பிரிவு செல்லும் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

கனடாவும் இதே ஓட்டையால்தான் விழித்தது. அங்கே நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சம்மத வயது 14. இணையத்தில் பழகிய 14 வயதுச் சிறுவனைத் தேடி, அவனைவிட இருமடங்கு வயதான ஒருவர் 2005இல் டெக்சாஸிலிருந்து ஒட்டாவாவுக்கே வந்துவிட்டார். சிறுவன் சம்மதித்தான் என்பதால் பாலியல் தாக்குதல் வழக்கு நிற்கவில்லை. 2008 மே 1 முதல் அங்கும் 16. இணையத்தில் தொடங்கி நேர்ச் சந்திப்பில் முடியும் சுரண்டலுக்கு இந்த வழி நல்ல பூட்டு. திரையிலேயே தொடங்கித் திரையிலேயே முடியும் சுரண்டலை அது கிட்டத்தட்ட தொடுவதே இல்லை.

அந்த இடத்தில்தான் இரண்டாவது வழி வருகிறது. 'குரூமிங்' என்று செய்திகளில் சொல்கிறார்களே, அன்பாகப் பேசி, பரிசு கொடுத்து, ரகசியம் பகிர்ந்து பிள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைப்பது, அதையே தனிக் குற்றமாக்குவது. கொரியாவில் 2021 செப்டம்பர் 24 முதல் இது அமலில் இருக்கிறது. சிறாரிடம் பாலியல் நோக்கத்தோடு இணையத்தில் தொடர்ந்து பேசினாலே மூன்று ஆண்டு வரை சிறை அல்லது மூன்று கோடி வோன் வரை அபராதம். அதோடு, போலீஸ் தன் அடையாளத்தை மறைத்து, தேவைப்பட்டால் நீதிமன்ற அனுமதியோடு போலி அடையாளத்தில், சிறுமியாக நடித்துப் பேசவும் சட்டம் இடம் தந்தது. பிள்ளைக்கு எதுவும் நேருமுன் குற்றவாளியைப் பிடிக்க வாய்ப்பிருப்பது இந்த ஒரு வழியில்தான். வயதுச் சட்டம் தொட்ட பிறகு பேசுகிறது. இது பேசும்போதே கையைப் பிடிக்கிறது.

இதிலும் குறை உண்டு. 'தொடர்ந்து அல்லது திரும்பத் திரும்ப' என்ற நிபந்தனையால் ஒரே இரவில் வலைவீசி முடிப்பவன் நழுவலாம். ஜப்பான் இதை வேறு மாதிரி எழுதியது. 1907 முதல் 13ஆக இருந்த வயதை 2023 ஜூலையில் 16ஆக்கியபோதே, 16 வயதுக்குட்பட்டவரை ஏமாற்றியோ மயக்கியோ பணம் காட்டியோ பாலியல் நோக்கத்தோடு சந்திக்கக் கேட்பதற்கு ஓராண்டு வரை, சந்தித்தேவிட்டால் இரண்டாண்டு வரை சிறை என்று சேர்த்தது. அந்தரங்கப் படம் அனுப்பச் சொல்லிக் கேட்பதும் தனிக் குற்றம். கேட்ட கணமே குற்றம் என்பதால் எனக்கு ஜப்பானின் வாசகமே பிடித்திருக்கிறது.

மூன்றாவது வழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2021 டிசம்பர் முதல் கொரியாவின் பெரிய இணைய நிறுவனங்கள் பொதுவெளியில் ஏறும் காணொளிகளில் சட்டவிரோதப் பாலியல் காட்சிகளை வடிகட்ட வேண்டும். கொரிய அரட்டைச் செயலியான ககாவோ டாக்கின் திறந்த அரட்டைகளில் சாதாரணக் காணொளிகளும் சோதனைக்குள்ளாகி, தணிக்கை என்று கூச்சல் எழுந்தது. தனிப்பட்ட அரட்டைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. டெலிகிராமோ எட்டாத தூரத்தில் இருந்தது. எந்த வீட்டில் தீப்பிடித்ததோ அதை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டில் தண்ணீர் ஊற்றியது போல.

2025இல் சிக்கிய கும்பல் எப்படிச் சிக்கியது என்பதையும் பாருங்கள். போலீஸ் அடையாளம் மறைத்து உள்ளே புகுந்தது. டெலிகிராம் முதல்முறையாகக் கொரியப் போலீசுக்குத் தகவல் கொடுத்தது. சம்மத வயது 16 என்ற சட்டம் தண்டனைக்கு உதவலாம். தேடிப் பிடித்தது அது இல்லை.

வயதைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். எந்த எண் என்பதைவிட, ஒத்த வயதினருக்கு விலக்கு இருக்கிறதா என்பது முக்கியம். 13 முதல் 15 வரையுள்ளவர் விஷயத்தில் கொரியா தண்டிப்பது 19 நிரம்பியவரை. ஜப்பான் தண்டிப்பது ஐந்து வயதாவது மூத்தவரை. கனடாவில் 14, 15 வயதினருக்கு ஐந்து ஆண்டுக்குக் குறைந்த இடைவெளி என்றால் விலக்கு. 2022இல் 12இலிருந்து 16க்குத் தாவிய பிலிப்பைன்ஸ் மூன்று ஆண்டு இடைவெளியை ஏற்கிறது. இந்தியாவில் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி 18. அத்தகைய விலக்கு கிடையாது. இதன் சுமையைச் சென்னை உயர் நீதிமன்றம் நன்றாகப் பார்த்தது. பதின்வயதுக் காதல்களைத் தண்டிப்பது போக்சோவின் நோக்கம் அல்ல என்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021இல் ஒரு வழக்கையே ரத்து செய்தார். 2023இல் சட்ட ஆணையமோ 18ஐக் குறைக்கக் கூடாது, 16 முதல் 18 வரையுள்ளோர் வழக்குகளில் நீதிபதிக்கு வழிகாட்டப்பட்ட விருப்புரிமை தரலாம் என்றது.

இது இணையச் சுரண்டலோடு எங்கே முட்டுகிறது என்றால், மிரட்டுகிறவனுக்கு இந்தச் சட்டமே ஆயுதமாகிறது. பதினேழு வயதுப் பெண்ணின் படம் ஒருவன் கையில் சிக்கியிருக்கிறது என்று வையுங்கள். அவளுக்குச் சம வயதில் காதலன் இருக்கிறான். 'போலீசுக்குப் போ, உன் பையன்தான் முதலில் உள்ளே போவான்' என்று மிரட்டுகிறவன் சொன்னால் அது வெற்று மிரட்டல் இல்லை. மருத்துவரிடம் சொன்னால்கூட, போக்சோவின் 19ஆம் பிரிவுப்படி அவர் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். அவள் வாயைத் திறக்க மாட்டாள்.

ஆகவே எனக்கு வரிசை இப்படித்தான் படுகிறது: முதலில் வளைத்துப் பேசுவதைக் குற்றமாக்கும் சட்டமும் அதைத் தேடிப்போகும் போலீசும், அடுத்து 16 என்ற கோடு, ஒத்த வயது விலக்கோடு மட்டும், கடைசியில் வடிகட்டி. சிறாரைப் பாலியல் நோக்கத்தோடு மின்னணு வழியில் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதைப் போக்சோவின் 11ஆம் பிரிவு ஏற்கெனவே பாலியல் துன்புறுத்தலாகச் சொல்கிறது; 12ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. கொரியாவைப் போல, நீதிமன்ற அனுமதியோடு போலி அடையாளத்தில் அரட்டைக்குள் போக அதிகாரிக்கு வழி சொல்லும் பிரிவு அந்தச் சட்டத்தில் இல்லை.