சீசருக்கு முன்னாலிருந்தே தொடங்கும் ஒரு ரோம் நடை

ரோமில் வழிகாட்டியோடு போகும் நடைகள் எக்கச்சக்கம், பெரும்பாலும் சீசரின் கொலையைச் சொல்லி அதோடு முடித்துவிடுவார்கள். நாங்கள் போனது குடியரசு எப்படிப் பேரரசானது என்பதற்காகவே நடத்தும் ஒன்று, அதனால் வழிகாட்டி நேராகக் கேப்பிட்டோலின் குன்றுக்குத்தான் கூட்டிப் போனார். கி.மு. 133-ல் அங்கேதான் மக்கள் பிரதிநிதியாக (ட்ரிப்யூன்) இருந்த திபேரியஸ் கிராக்கஸை செனட்டர்களும் அவர்கள் ஆட்களும் உடைந்த பெஞ்சுக் கால்களாலேயே அடித்துக் கொன்றார்கள், கூட இருந்தவர்களில் சுமார் 300 பேரும் செத்தார்கள், உடல்கள் டைபர் ஆற்றுக்குப் போயின. பணக்காரர்கள் வரம்பு மீறி வளைத்துப்போட்ட பொது நிலத்தை ஏழைகளுக்குப் பிரித்துக் கொடுங்கள் என்றுதான் அவர் கேட்டார். சீசர் பிறக்கவே இன்னும் 33 வருடம் இருந்தது! ஓட்டில் தீர வேண்டியதைக் கட்டையால் தீர்த்துவிட்டார்கள், அடுத்தடுத்து வந்தவர்கள் கட்டையை வைத்துவிட்டு வாளை எடுத்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம் கீழே இறங்கி ரோஸ்ட்ரா, தலைவர்கள் மக்கள் முன் பேசிய மேடை. கி.மு. 43-ல் பெரிய பேச்சாளரும் செனட்டருமான சிசரோவின் தலையையும் கையையும் வெட்டிக் கொண்டுவந்து, அவர் வழக்கமாகப் பேசிய மேடையிலேயே வைத்தார்கள். அந்தக் கல் முன்னால் நின்று கேட்டபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

குறை என்றால், ராணுவத்தின் கதையை வழிகாட்டி இரண்டே நிமிடத்தில் தாண்டிவிட்டார். நிலமில்லாதவர்களைத் தளபதி மாரியஸ் படையில் சேர்த்ததும், ஓய்வுக்குப் பின் கிடைக்கும் நிலத்துக்குச் சிப்பாய் செனட்டை நம்பாமல் தன் தளபதியை நம்பியதும், கி.மு. 88-ல் சுல்லா என்ற தளபதி சொந்த ஊரான ரோம் மேலேயே படை நடத்தியதும் தெரியாவிட்டால் பாதிக் கதைதான் புரியும். காதில் மாட்டும் கருவியும் இரண்டு முறை நின்றுபோனது.

ஆனால் கடைசி நிறுத்தத்துக்காகவே போகலாம். ஆரா பாசிஸ் என்னும் அமைதிப் பலிபீடம் இருக்கும் அருங்காட்சியகத்தின் வெளிச்சுவரில், முதல் பேரரசர் அகஸ்டஸ் தன் சாதனைகளைச் சொல்லும் லத்தீன் வாசகம் வரிசையாகப் பொறித்திருக்கிறது. அதில் ஒரு வரியை வழிகாட்டி விரலால் தொட்டுக் காட்டினார்: குடியரசை என் கையிலிருந்து செனட்டிடமும் ரோம மக்களிடமும் ஒப்படைத்தேன் என்கிறார், நாற்பது வருடத்துக்கு மேல் தனியாளாக ஆண்ட மனிதர். அவர் ஆட்சியிலும் செனட் கூடியது, தேர்தல் நடந்தது, பதவிப் பெயர்கள் கூட மாறவில்லை. அந்த ஒரு வரிக்கு முன்னால் எங்கள் குழு வெகுநேரம் நின்றது. டிக்கெட் இல்லாமலே பார்க்கலாம், நடையில் சேராவிட்டாலும் அங்கே ஒரு எட்டுப் போய்வாருங்கள்.