அக்காவின் காதும் கூடைக் கயிறும்

லண்டனிலிருந்து புறப்படும்போதே ஒரு கட்டுக் காகிதத்தைப் பெட்டியில் வைத்திருந்தேன். செவிப்பறை ஓட்டையைக் கத்திபடாமல் மூடும் ஒட்டுகளைப் பற்றி வாசித்து அச்செடுத்தவை. இலங்கை மலையகத்தில், டிக்கோயாவில் தேயிலைக் கொழுந்து எடுக்கும் என் அக்காவுக்குச் சிறுவயதில் சீழ் வடிந்து வலது காது ஓட்டையாகிவிட்டது. பீலியில் குளித்தால் மறுநாளே வடியும். இந்த லீவிலேயே அதற்கு ஒரு முடிவு கட்டிவிடுவது என்று இருந்தேன்.

முதலில் நகரத்தில் ஒரு தனியார் நிலையத்தில் பணம் கட்டி நம்பர் எடுத்தோம். ஐந்து மணிக்கு வரவேண்டிய வைத்தியர் ஏழரை மணிக்கும் வரவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டால் சேவைக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு தந்தார்கள். என்ன சேவை என்று கேட்டேன். கவுண்டரில் இருந்த பிள்ளை நாங்கள் உட்கார்ந்திருந்த கதிரைகளைப் பார்த்தாள்.

அடுத்த கிழமை, தோட்டத்து டிஸ்பென்சரியில் கடிதம் வாங்கிக்கொண்டு கண்டியில் அரச வைத்தியசாலைக்குப் போனோம். அக்காவுக்கு அன்றைய பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போனது. கினிகத்தேனை இறக்கத்தில் பஸ் வளைந்து வளைந்து இறங்க, எனக்கு இரண்டு காதும் அடைத்தன. எச்சிலை விழுங்கிக்கொண்டே அக்கா பக்கம் திரும்பினேன். "எனக்கு இந்தப் பக்கம் அடைக்கிறதே இல்லை" என்று வலது காதைத் தொட்டுச் சிரித்தாள். ஓட்டை வழியே காற்றழுத்தம் தானாகச் சமப்பட்டுவிடும். அந்தக் காதால் அவள் கண்ட ஒரே லாபம் அதுதான்.

கூட்டம் பெரிது, ஆனால் வைத்தியர் அவசரப்படவில்லை. என் காகிதங்களையும் பார்த்தார். அவற்றில் இருந்தவை இவை: 1887இலேயே கிளாரன்ஸ் பிளேக் என்ற அமெரிக்க வைத்தியர் செவிப்பறையில் காகிதத் துண்டு ஒட்டியதைப் பற்றி எழுதியிருக்கிறார். இன்று பட்டுப்புழுக் கூட்டின் புரதத்தில் தாள் செய்கிறார்கள். ஜப்பானில் 2019இல் அனுமதி பெற்ற முறையில், ஓட்டையின் ஓரத்தைப் புண்ணாக்கி, செல்களை வளரத் தூண்டும் வளர்ச்சிக் காரணியில் நனைத்த ஜெலட்டின் பஞ்சை வைத்து, இரத்தத்தை உறையவைக்கும் புரதமான ஃபைப்ரின் பசையால் மூடுகிறார்கள். செவிப்பறையின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறையப் பத்திலொரு பங்குதான். ஒட்டு அதன்மேல் தோல் ஊர்ந்துபோகப் போடும் பாலம்.

"புதுக் கிழிசல் பெரும்பாலும் தானாகவே மூடிவிடும். இது பழைய ஓட்டை, பெரியது; ஓரம் காய்த்துப்போயிருக்கிறது. அந்தப் பஞ்சு என் கையில் இல்லை. காதுக்கு மேலே தசையை மூடியிருக்கும் சவ்வில் கொஞ்சம் எடுத்து ஒட்டுகிறேன்" என்றார். அதற்கு முன்பு காது காய வேண்டுமாம். குளிக்கும்போது வாஸ்லின் தடவிய பஞ்சை வைக்கச் சொன்னார்.

அதுவரை பேசாமலிருந்த அக்கா கேட்டாள்: "எந்த இடத்தில் வெட்டுவீர்கள், டொக்டர்?"

அவர் விரலால் காட்டினார். அக்கா தன் கைப்பையின் வாரை எடுத்துத் தலையில் மாட்டி, பையை முதுகில் தொங்கவிட்டுக் காட்டினாள். கூடைக் கயிறு இறங்குவது சரியாக அந்த இடத்தில். நனைந்த கொழுந்து நிறைந்தால் கயிறு தலையை எப்படி அழுத்தும் என்று அவளுக்குத்தானே தெரியும். கத்தி வேண்டாத ஒட்டு யாருக்குத் தேவை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் கட்டுக் காகிதத்தில் கூடையைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

வைத்தியர் வாரைத் தூக்கிப் பார்த்தார். வெட்டைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம் என்றார். ஆனால் பாரம் தூக்க ஆறு கிழமை கூடாது.

"ஆறு கிழமை மலைக்குப் போகாவிட்டால் சம்பளம்?" என்றாள் அக்கா, என்னைப் பார்த்து.

நான் தருகிறேன் என்றேன். கிளினிக் கொப்பியில் திகதி போட்டுத் தந்தார்கள், நான் லண்டன் திரும்பி நான்கு மாதம் கழித்து.