வி ஃபார் வென்டெட்டா: பத்து வருடமாக என் அலமாரியில்

இந்தச் சித்திரக்கதைப் புத்தகத்தை வாங்கிப் பத்து வருடம் ஆகிவிட்டது, முழுதாக நான்கு முறை படித்திருக்கிறேன். பைண்டிங் படு மோசம், மூன்றாம் வருடமே ஏழெட்டுப் பக்கங்கள் கையோடு வந்துவிட்டன. கதை தெரியக்கூடாது என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆலன் மூர் எழுத்து, டேவிட் லாய்ட் ஓவியம். 1982இல் 'வாரியர்' என்ற பிரிட்டிஷ் இதழில் கறுப்பு வெள்ளையில் தொடங்கி, இதழ் நின்றுபோனதால் பாதியில் தொங்கி, 1988இல் டிசி என்ற அமெரிக்கச் சித்திரக்கதை நிறுவனம் வண்ணம் பூசி வெளியிட்டபோதுதான் முடிவுக்கு வந்தது. அந்த வண்ணம் எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை, துவைத்துத் துவைத்து வெளுத்த சட்டை மாதிரி இருக்கிறது. கதையில் வரும் கோட்டுப் போட்ட அதிகாரிகளில் யார் யாரென்று பிடிபடவே எனக்கு இரண்டு வாசிப்பு தேவைப்பட்டது.

அணு ஆயுதப் போருக்குப் பிந்தைய இங்கிலாந்து, பாசிசக் கட்சியின் ஆட்சி. வேவு பார்க்கக் கண், ஒட்டுக்கேட்கக் காது, துப்பறிய மூக்கு, அடித்து நொறுக்க விரல், பிரச்சாரத்துக்கு வாய் என்று துறைகளுக்குப் பெயர். இதை எதிர்த்துக் கிளம்பும் வி-யின் முகத்தில், 1605இல் நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கப் பார்த்த கை ஃபாக்ஸ் என்பவரின் சிரித்த முகமூடி. லாய்டின் யோசனை அது. மனதுக்குள் நினைப்பதைக் காட்டும் குமிழிகளும் 'டமால்' சத்தங்களும் வேண்டாம் என்றதும் அவர்தான், அதனால் வி என்ன நினைக்கிறான் என்பது நமக்குக் கடைசிவரை தெரிவதில்லை.

முதல் வாசிப்பில் அவன் எனக்கு ஹீரோ. ஈவி என்ற பதினாறு வயதுப் பெண்ணை, அரசாங்கம் பிடித்துவிட்டதாக நம்பவைத்து, மொட்டையடித்து, சித்திரவதை செய்து அடைத்து வைத்திருந்தது அவனேதான் என்று தெரிந்தபோதுகூட 'அடடா, என்ன ஒரு திருப்பம்' என்றுதான் தோன்றியது. இப்போது அந்த அத்தியாயம் வந்தாலே வயிற்றைப் பிசைகிறது. அவள் அவனை மன்னித்துவிடுகிறாள், சரி, என்னால் முடியவில்லை. ஆனால் அவளுக்குக் கிடைக்கும் கடிதம் மட்டும் பொய்யில்லை: வி முன்பு அடைபட்டிருந்த முகாமில் அவனுக்குப் பக்கத்து அறையில் இருந்த வேலரி என்ற பெண், கழிவறைக் காகிதத்தில் உண்மையாகவே எழுதியது. கழன்று வந்த பக்கங்களில் அதுவும் உண்டு, அடிக்கடி அங்கேயே திறந்ததால்தான் இருக்கும்.

அப்புறம், ரோஸ். வி கொன்ற ஓர் அதிகாரியின் மனைவி. புருஷன் போனபின் சோற்றுக்கு வழியில்லாமல் கேளிக்கை விடுதி மேடையில் ஆடப் போகிறாள். முன்பெல்லாம் அவள் வரும் பக்கங்களைச் சரசரவென்று தள்ளிவிடுவேன். ஆளும் கட்சியின் தலைவனைச் சுட்டுக் கொல்வது வி இல்லை, அவள்தான். மூன்றாம் முறைதான் அவளை ஒழுங்காகப் படித்தேன்.