கமிட்டியா, குரல் கொடுக்கும் சூப்பர்வைசரா?

குன்னூர்ப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் எல்லாரையும் சமமாக நடத்த வழி இரண்டு. ஒன்று, கமிட்டி. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கக் குழு கட்டாயம். தலைமை ஒரு பெண்ணுக்கு. உறுப்பினர்களில் பாதியாவது பெண்கள். மேனேஜர் மாறினாலும் இது நிற்கும். ஆனால் புகார் வந்தால்தான் அசையும்.

இன்னொன்று, சூப்பர்வைசரே பேசுவது. எடை போடுமிடத்தில் ஜார்க்கண்ட் பெண்ணின் இலைக்கு மட்டும் ஈரம் என்று கூடுதலாகக் கழித்தால், “பக்கத்துச் சாக்குக்கு ஒரு கிலோதானே, இதுக்கு ஏன் ரெண்டு அண்ணா?” என்று அங்கேயே, எல்லார் காதிலும் விழக் கேட்பது. தமிழே பிடிபடாத அவர் எந்தக் கமிட்டிக்கு மனு எழுதுவார்? அதுவும் இது அந்தக் கமிட்டி பார்க்கும் விஷயமே இல்லை.

அன்றாடத்துக்கு என் ஓட்டு சூப்பர்வைசருக்கே. தொல்லைப் புகார் என்றால் மட்டும் அவர் பஞ்சாயத்து பண்ணவே கூடாது; நேரே கமிட்டிதான்.