பேரிஜம் ஏரிக்கரை நடை: வாட்சர் இல்லாத முதல் பயணம்

கொடைக்கானல் நகரிலிருந்து ஏறத்தாழ 21 கிலோமீட்டர் தொலைவில், காப்புக்காட்டுக்குள் இருக்கும் பேரிஜம் ஏரிக்கு நான்காவது முறையாகச் சென்று வந்தேன். முன்னனுமதி பெறாமல் உள்ளே போக முடியாது. குறிப்பிட்ட எண்ணிக்கையிலான வண்டிகளையே விடுவார்கள். யானை நடமாட்டம் இருந்தால் அதுவும் இல்லை. இந்தக் கெடுபிடியை நான் குறையாகச் சொல்லமாட்டேன். நகரத்து ஏரியைச் சுற்றிக் கேட்கும் இரைச்சலும் பஜ்ஜிக் கடை நெடியும் இங்கே இல்லாதிருப்பது அதனால்தான்.

முந்தைய மூன்று முறையும் எங்களுடன் கரையில் நடந்தவர், அங்கே பல ஆண்டுகள் காவல் பணியில் இருந்த ஒரு வாட்சர். அவர் காலமான செய்தியை இம்முறை சோதனைச் சாவடியில்தான் அறிந்தேன். ஆகவே, இந்த மதிப்புரை ஏரியைப் பற்றிப் பாதியும் அவரைப் பற்றிப் பாதியுமாகவே அமையும்.

அவருடன் நடப்பதற்குப் பொறுமை வேண்டும். பத்தடிக்கு ஒருமுறை குனிந்து, பாதையோரம் முளைத்திருக்கும் வாட்டில் கன்றை வேரோடு பிடுங்குவார். தோல் பதனிட உதவும் பட்டைக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட அந்த மரம் புல்வெளிகளை விழுங்கிவிட்டது என்பதையும், வெட்டினாலும் எரித்தாலும் மண்ணுக்குள் கிடக்கும் விதைகள் முன்னைவிட நெருக்கமாக முளைக்கும் என்பதையும் அவரிடமே தெரிந்துகொண்டேன். "சோலையும் புல்லும் பிடிச்சு வச்ச தண்ணிதான் சார், பெரியகுளத்துக்காரங்க குடிக்கிறது" என்பார். சோலை என்று அவர் சொன்னது, மலைப்பள்ளங்களில் அடர்ந்து நிற்கும் காட்டை. 1864இல் ஹாமில்டன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி முகாமிட்டபோது சதுப்பாக இருந்த நிலம், பிற்பாடு அணை கட்டப்பட்டதால் ஏரியானது. மலையடிவாரத்து ஊரான பெரியகுளத்துக்குக் குடிநீர் இங்கிருந்துதான் போகிறது.

பாதை திரும்புமிடத்தில் நின்று, காய்ந்த புல்லைக் கிள்ளிக் காற்றில் விடுவார். புல் முன்னால் பறந்தால் நம் வாடை நமக்கு முன்பே சென்றுவிடும். காட்டுமாடு தானாக விலகிக்கொள்ளும். புல் நம் முகத்தில் வந்து விழுந்தால், நாம் வருவதை அறியாத மாடு திடுமென எதிரே நிற்கக்கூடும் என்பதால், கைதட்டிக்கொண்டே நடப்பார்.

இம்முறை உடன் வந்த இளைஞர் பணிவானவர். பாதுகாப்பில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால், மரத்தின் பெயரைக் கேட்டால் சிரிப்பே பதிலாக வந்தது. சோலையைப் பற்றித் தெரிந்துகொள்ள வருபவருக்கு அது ஏமாற்றமே. அதே திருப்பத்தில் அவரும் நின்றார். புல்லைக் கிள்ளிக் காற்றில் விட்டார். யாரிடம் கற்றது என்று நான் கேட்கவில்லை.

செல்பவர்கள் காலையிலேயே நுழைந்துவிடுவது நல்லது; பிற்பகலில் மூடுபனி இறங்கினால் எதிர்க்கரை தெரியாது. மழைக்காலத்தில் அட்டைகள் ஏறும். உப்பு கொண்டுபோக வேண்டும். சாப்பாட்டையும் தண்ணீரையும் எவர்சில்வர் பாத்திரங்களில் எடுத்துச் செல்லுங்கள், பிளாஸ்டிக் பாட்டிலுக்கு அனுமதி இல்லை.