அக்கி ஆறியும் போகாத வலிக்கு மனச்சோர்வு மாத்திரை: என் மூன்று வருட அனுபவம்

2021 நவம்பரில் எனக்கு அக்கி வந்தது. இடது மார்புக்குக் கீழே தொடங்கி விலா வழியாக முதுகு வரைக்கும் ஒரு பட்டை மாதிரி கொப்புளங்கள். எங்கள் பக்கத்து வழக்கப்படி முதலில் மண்பாண்டம் செய்கிற ஒருவர் வீட்டுக்குப் போய் காவியில் அக்கி எழுதிக்கொண்டேன், நாலு நாள் கழித்துத்தான் டாக்டரிடம் போனேன். வைரஸ் மருந்தைக் கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் தயவுசெய்து அந்த நாலு நாளை வீணாக்காதீர்கள், காவி வேண்டுமானால் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து எழுதிக்கொள்ளுங்கள்.

கொப்புளம் மூன்று வாரத்தில் காய்ந்துவிட்டது. வலி போகவில்லை. அந்த வலியை எப்படிச் சொல்வது என்று இன்றும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அமுக்கினால் கூட அவ்வளவு வலிக்காது, ஆனால் முந்தானை லேசாக உரசினால் உயிர் போகும், மின்விசிறிக் காற்று பட்டால் அந்த இடம் மட்டும் தீப்பிடித்த மாதிரி எரியும். நான் வீட்டில் தையல் வேலை செய்கிறவள். பழைய மல் துணியில் எனக்கென்று தொளதொளவென ரவிக்கை தைத்துக்கொண்டேன், தையல் விளிம்பு உடம்பில் படாமல் வெளிப்பக்கம் வருகிற மாதிரி. அதைப் போட்டால்தான் ஒரு மணி நேரமாவது மெஷினில் உட்கார முடியும். பாராசிட்டமால், இன்னும் என்னென்னவோ வலி மாத்திரை, தைலம், ஒன்றும் கேட்கவில்லை.

2022 பிப்ரவரியில் ஒரு நரம்பு டாக்டர் ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார், கண்ணில் அழுத்தம் இருக்கிறதா, சிறுநீர் தடையில்லாமல் போகிறதா என்று கேட்டார், பிறகு அமிட்ரிப்டிலின் 10 மி.கி. எழுதிக் கொடுத்தார். மருந்துக்கடைப் பையன் சீட்டைப் பார்த்துவிட்டு, “இது டிப்ரஷன் மாத்திரைக்கா, யாருக்கு?” என்றான். பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன். இவ்வளவு வலியைச் சொல்லியும் இந்த டாக்டர் எல்லாம் மனசுதான் என்று நினைத்துவிட்டாரே என்று. மூன்று நாள் அந்த அட்டையைப் பிரிக்கவே இல்லை.

வீட்டுக்காரர்தான் திரும்பக் கூட்டிப் போனார். அன்றைக்கு டாக்டர் பொறுமையாகச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இதை முதல் நாளே சொல்லியிருந்தால் நான் அழுதிருக்க மாட்டேன். சின்ன வயதில் வந்த சின்னம்மைக் கிருமி நரம்பு வேரில் ஒளிந்திருந்து, வயதாகி எதிர்ப்புச் சக்தி குறையும்போது அக்கியாக வருகிறது. வரும்போது நரம்பையே காயப்படுத்திவிடுகிறது, அந்த நரம்பு ஒன்றுமே நடக்காதபோதும் வலி வலி என்று மூளைக்குச் சேதி அனுப்பிக்கொண்டே இருக்கும். மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக அந்தச் சேதியை அடக்குகிற ஒரு பாதையும் நமக்கு உண்டு, அதில் வேலை செய்வது நார்அட்ரினலின், செரட்டோனின் என்று நரம்புகளுக்கிடையே சேதி கடத்துகிற இரண்டு ரசாயனங்கள். மாத்திரை அந்த இரண்டையும் கூடுதல் நேரம் தங்க வைக்கிறது, அதனால் அடக்கும் பாதை பலமாகிறது. மனச்சோர்வே இல்லாதவருக்கும் வலி குறையும், மனச்சோர்வுக்குக் கொடுப்பதை விட மிகக் குறைந்த அளவே போதும். 1982-லேயே அக்கி வலிக்கு இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்றார். சரி என்று அன்று இரவே ஆரம்பித்தேன்.

முதல் வாரம் வலியில் ஒரு மாற்றமும் இல்லை, தூக்கம் மட்டும் வந்தது. பத்தரை மணிக்குப் போட்டால் மறுநாள் காலை ஒன்பது வரை தலை கிறுகிறுவென்றிருந்தது, எட்டு மணிக்கு மாற்றியதும் சரியானது. தினமும் படுக்கும் முன் மாதக் காலண்டரில் அந்தத் தேதிக் கட்டத்திலேயே வலிக்குப் பத்துக்கு ஒரு எண் எழுதி வைத்தேன். பிப்ரவரிக் கட்டங்களில் எல்லாம் 8, 8, 7, 8. மார்ச் நடுவில் 6 வர ஆரம்பித்தது. ஏப்ரலில் 25 மி.கி. ஆக்கினார்கள், மே மாதம் 4, சில நாள் 3. காலண்டர் இல்லாவிட்டால் மூன்றாவது வாரமே ஒன்றும் ஆகவில்லை என்று நிறுத்தியிருப்பேன்.

தொந்தரவுகளையும் மறைக்க மாட்டேன். வாய் காய்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும், பக்கத்தில் சீரகத் தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். எச்சில் குறைந்ததால் இரண்டு பல் சொத்தையானது. மலச்சிக்கல் கடுமை, வாழைத்தண்டும் கீரையும் போதாமல் இசப்கோல் எடுத்தேன். ஆறு மாதத்தில் 61 கிலோவிலிருந்து 66. படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் கண் இருட்டும், வயதானவர்கள் இதில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும், இரவில் பாத்ரூம் போகும்போது விழுந்துவிடக் கூடாது. இதெல்லாம் சொன்ன பிறகு ஆகஸ்டில் நார்ட்ரிப்டிலினுக்கு மாற்றினார்கள். அமிட்ரிப்டிலின் உடம்புக்குள் போய் மாறுகிற பொருளே அதுதானாம். தலை பாரமும் வாய் வறட்சியும் பாதியானது, வலி 3-லேயே நின்றது.

2023 பொங்கலுக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது மதினி மாத்திரையைப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் பழகிப்போச்சுன்னா அப்புறம் விடவே முடியாது, இப்பவே நிறுத்திரு” என்றார். அக்கறையில் சொன்னதுதான். நானும் வலிதான் குறைந்துவிட்டதே என்று ஒரேயடியாக நிறுத்தினேன். இரண்டாம் நாள் குமட்டல், தலைவலி, உள்ளுக்குள் ஒரு படபடப்பு, இரவெல்லாம் விழிப்பு. ஒரு வாரத்தில் காலண்டரில் மறுபடி 7. இது போதை மாதிரி பழகுகிற மாத்திரை இல்லை, ஆனால் உடம்பு அதற்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொண்டிருக்கும், அதனால் வாரக்கணக்கில் சிறுகச் சிறுகத்தான் குறைக்க வேண்டும் என்று டாக்டர் கோபப்படாமல் விளக்கினார்.

எல்லோருக்கும் கேட்கும் என்று நான் சொல்ல மாட்டேன். மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசுகிற காக்ரேன் என்ற அமைப்பின் 2023 தொகுப்பாய்வு, 176 ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, நாள்பட்ட வலிக்கு டுலோக்செட்டின் என்ற இன்னொரு மனச்சோர்வு மாத்திரைக்குத்தான் நம்பகமான சான்று இருக்கிறது, அமிட்ரிப்டிலினுக்கு அந்த அளவு இல்லை என்கிறது. சர்க்கரை நோயில் பாதம் எரிகிற என் வாடிக்கைக்காரம்மா ஒருவர் டுலோக்செட்டின்தான் சாப்பிடுகிறார், சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் குறைவு என்கிறார். எனக்கு இது கேட்டது, அவருக்கு அது. ஒன்று மட்டும்: டிரமடால் மாதிரி வேறு வலி மாத்திரை போடுகிறீர்கள் என்றால் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள், இரண்டும் சேர்ந்தால் ஆபத்து வரலாம்.

இப்போது 10 மி.கி.யில் இருக்கிறேன். வலி 2, மழைக்காலத்தில் 3. போன மாதம் அந்தத் தொளதொள ரவிக்கைகளைப் பிரித்து மெஷின் துடைக்கிற துணியாக்கிவிட்டேன், கஞ்சி போட்ட சுங்குடி கட்டிக்கொண்டுதான் தைக்கிறேன். இந்த 10-ஐயும் நிறுத்திப் பார்க்கலாமா என்று அடுத்த முறை போகும்போது கேட்க வேண்டும்.