யுடிஐடி அட்டைக்கு மனுப் போடுகிறீர்களா? போன் நம்பரைப் பாருங்கள்

யுடிஐடி எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் உதவித்தொகையும் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால், எவ்வளவு கேட்கிறார் என்பதைவிட, மனுவில் யாருடைய போன் நம்பரைப் போடுகிறார் என்று பாருங்கள். எங்களை மடக்கியது அதுதான்.

என் தம்பிக்குத் தசைச்சிதைவு நோய். எழுந்து உட்காரவே அம்மா வேண்டும். கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுக்கும் ஒருவர் அம்மாவிடம் 3,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, "கார்டு வீட்டுக்கே வந்துடும்மா, மாசம் 2,000 அக்கவுன்ட்ல ஏறிடும்" என்றிருக்கிறார். யுடிஐடி இணையதளத்தில் பதிந்தபோது தன் நம்பரைக் கொடுத்துவிட்டார். அப்புறம் ஓடிபி, பதிவு எண், பரிசோதனைக்கு வரச்சொல்லும் தகவல் எல்லாம் அவர் போனுக்குத்தான். கேட்டால், "டாக்டரைக் கவனிக்கணும், இன்னொரு 2,000 கொடுங்க." முடியாது என்றதும் போனை எடுப்பதே இல்லை. பரிசோதனைத் தேதி போனதே எங்களுக்குத் தெரியாது.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் நம்பரை மாற்றித் தந்தார்கள். "யாரும்மா உங்களைப் பணம் கட்டச் சொன்னது?" என்று ஒரு கேள்வி வேறு. அந்த ஆள் மேஜை போட்டிருப்பது அதே வளாகத்தின் வாசலில்தான்!

அட்டைக்குக் கட்டணமே கிடையாது. பாதிப்பு எத்தனை சதவீதம் என்று முடிவு செய்வது அரசு மருத்துவர்கள். அட்டை வந்ததும் பணம் தானாக வராது, உதவித்தொகைக்குத் தனி மனு உண்டு. அந்த 2,000 ரூபாயும் (2023 ஜனவரிக்கு முன் 1,500) எல்லோருக்கும் இல்லை. தசைச்சிதைவு, அறிவுசார் குறைபாடு, தொழுநோய் பாதிப்பு, 75 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள கடும் பாதிப்பு என்று வகை இருக்கிறது. கால் லேசாகச் சாய்ந்து நடப்பவரிடமும் 2,000 நிச்சயம் என்று அந்த ஆள் சொன்னதை நானே கேட்டேன்.

நோயாளியைத் தனியே விட்டுவிட்டு அலைய முடியாத அம்மாக்களாகப் பார்த்துத்தான் பிடிக்கிறார்கள்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? சரி, ஆதாரை எடுத்துக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போய் முதலில் நம்பரை மாற்றுங்கள். மனுவில் போட்டிருக்கும் வங்கிக் கணக்கு எண்ணையும் பாஸ்புக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பணம் வாங்கியவர் மேல் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் எழுத்தில் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். நாங்கள் கொடுத்திருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை.